என் கைகள் விடாமல் வாசித்த ஞாயிற்றுக்கிழமை

முதலில் நின்றது இசைதான். கைகள் நிற்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ பக்கவாதம் வந்திருந்தால், கை கால் விழுவதைப் பற்றிப் பலர் சொல்லியிருப்பார்கள். எனக்குக் கை கால் விழவில்லை. என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "நல்லவேளை" என்று சொல்லி, ஆப்பிள் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நல்லவேளையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. பியானோ வாசிப்பவள். வீடு அபிராமபுரத்தில். என் கணவர் கணேசனுக்குத் தி.நகரில் பாத்திரக் கடை. கல்யாணமான புதிதில் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு ஜாஸ் என்றால் என்ன என்று விளக்க முயன்று தோற்று, பிறகு அந்த வேலையையே விட்டுவிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் என் நோயே அதில்தான் இருக்கிறது.

மூன்று பேர் சேர்ந்து ஒரு மெட்டை முதலில் முழுதாக வாசிப்போம். அது முப்பத்திரண்டு தாளக்கட்டு (நான்கு எண்ணிக்கை சேர்ந்தது ஒரு கட்டு) நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் மெட்டை விட்டுவிடுவோம். ஆனால் அந்த முப்பத்திரண்டு கட்டும் மூவர் மண்டைக்குள்ளும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஒருவர் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார். எழுதி வைத்தது கிடையாது. போன வாரம் வாசித்ததைத் திரும்ப வாசித்தால் அது மானக்கேடு.

எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன் ரஹீம். மயிலாப்பூரில் கார் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறான், என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸை அணைத்துக்கொண்டு நிற்பவர் அனந்து சார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாடவீதிக்காரர். தி.நகரில் ஒரு ஹோட்டலில் ஞாயிறு மதிய விருந்துக்குப் பல வருடங்களாக வாசித்தோம். நாங்கள் எவ்வளவு உருகினாலும் சனம் ஐஸ்கிரீம் இருக்கிற பக்கம்தான் போகும். அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

எங்களுக்குள் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒருவர் தவறான சுரத்தில் விழுந்துவிட்டால் மற்ற இருவரும் உடனே அந்தத் தவறையே வேண்டுமென்று எடுத்து வாசிப்பார்கள். கேட்பவர்களுக்கு அது நினைத்துச் செய்தது போல ஆகிவிடும். இன்னொன்று, வாசித்து முடித்தபின் வாசித்ததைப் பற்றி யாரும் பேசக்கூடாது. நல்லா இருந்தது, சொதப்பிட்ட, எதுவும் கூடாது. காபி குடிக்கலாம், மின்வாரியத்தைத் திட்டலாம். இந்த இரண்டு வழக்கங்களையும் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி இருக்கும். என் முறை வந்து வாசித்துக்கொண்டிருந்தேன். இடதுபக்கம் ஒரு பணியாளர் வந்து தண்ணீர் டம்ளரை வைத்தார். நான் திரும்பி நன்றி சொல்லும் விதமாகத் தலையசைத்தேன். அடுத்த நொடி விரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. ரஹீம் வழக்கம்போல டிரம்மின் விளிம்பில் மூன்று தட்டுத் தட்டி அதை ஏற்றுக்கொண்டான். அனந்து சாரும் அந்தத் தவறைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்தது இசை இல்லை. எவர்சில்வர் அடுக்கு சரிந்து உருளும் சத்தம் வந்தது. பாத்திரக் கடைக்காரர் மனைவி, எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். யார் எதைப் போட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் எதையும் போடவில்லை. சத்தம் என் விரல்களின் அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. விரல்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நான் அவற்றை வேடிக்கை பார்த்தேன். பாட்டு முடிய வேண்டிய இடத்தில் அவையே முடித்து, மடியில் வந்து உட்கார்ந்துகொண்டன.

அனந்து சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செல்வி, கொஞ்சம் சிரி, பார்க்கலாம்" என்றார். சிரித்தேன். பாதி வாய்தான் சிரித்திருக்கிறது.

ரஹீம் காரை எப்படி ஓட்டினான் என்று தெரியாது. அடையாறு பக்கம் இருந்த ஒரு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தான். மூளையின் வலப்பக்கம் ஓர் இரத்தக்குழாயில் அடைப்பு (ரத்தம் உறைந்து வழியை மறித்துக்கொள்வது). நேரத்தோடு வந்ததால் உறைவைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது. மறுநாள் வாய் கோணல் நிமிர்ந்துவிட்டது. இடதுகை கொஞ்சம் மந்தமாக இருந்து சில நாட்களில் சரியானது.

மூன்றாம் நாள் என் கணவர் போனில் எனக்குப் பிடித்த ஒரு பியானோ பதிவைப் போட்டார். பாத்திரங்கள் உருண்டன. "நிறுத்துங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் நர்சைக் கூப்பிட்டார்.

நரம்பியல் டாக்டர் ஒரு சின்னப் பெட்டியிலிருந்து இரண்டிரண்டு துணுக்குகளாகக் கேட்கவைத்தார். "இது ரெண்டும் ஒண்ணா, வேறயா?" தாளம் மாறினால் சரியாகச் சொன்னேன். சுரம் மாறினால் குருட்டாம்போக்கில் சொன்னேன். இதற்கு அமியூசியா (காது நன்றாகக் கேட்டும் இசையை இசையாக உணர முடியாத நிலை) என்று பெயர் சொன்னார். திரும்பி வருமா என்று கேட்டேன். "சிலருக்குக் கொஞ்சம் வரும். சிலருக்கு நிறைய. உங்களுக்கு எப்படின்னு இப்ப சொன்னா அது பொய்" என்றார். அந்த நேர்மைக்காக அப்போது அவர்மேல் கோபம் வந்தது.

அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்றும் உதவுகிறது. இசை கேட்கும்போது மனம் சும்மா உட்கார்ந்து வாங்கிக்கொள்வதில்லை. அடுத்து எது வரும் என்று ஓயாமல் ஊகித்துக்கொண்டே முன்னால் ஓடுகிறது. ஊகித்தது வந்தால் நிம்மதி, வேறொன்று வந்தால் சிலிர்ப்பு. ஜாஸ் வாசிப்பவர்கள் அந்த ஊகத்தோடுதான் விளையாடுகிறோம். என் மனத்தில் அப்படி முன்னால் ஓடும் அந்த ஆள் போய்விட்டான். ஒவ்வொரு சுரமும் சொல்லாமல் கொள்ளாமல் அறைக்குள் நுழைந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரிந்தது. பேச்சில் வார்த்தைகள் தெளிவாகப் புரிந்தன, ஆனால் குரலின் ஏற்ற இறக்கம் போய்விட்டது. கணவர் "சாப்டியா?" என்று கேட்டால் ரயில் நிலைய அறிவிப்பு போல இருந்தது. கேலி செய்கிறாரா, கோபமா என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் பக்கத்து அறையிலிருந்து பேசினால் யாரோ அவர் வார்த்தைகளைத் திருடிப் பேசுவதுபோல் இருக்கும். தெருவில் கீரைக்காரம்மா கூவும் குரலுக்கு ஜன்னலைச் சாத்திவிடுவேன். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிதரிடம் "பக்கத்துல வந்து பேசுங்க, பயமா இருக்கு" என்று சொல்லவேண்டி வந்தது.

ஒரு மாதம் கழித்துப் பியானோ முன்னால் உட்கார்ந்தேன். காதைப் பொத்த முடியாது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். கைகளை வைத்ததும் அவை கிளம்பிவிட்டன. எனக்குக் கேட்டது உருளும் சத்தம்தான். ஆனால் விரல்களுக்குத் தயக்கமே இல்லை. எனக்குத் தெரியாத ஒன்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

ரஹீமையும் அனந்து சாரையும் வரச்சொன்னேன். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் வாசித்தோம். நாங்கள் எப்போதும் வாசிக்கும் அதே மெட்டு. என் முறை வந்தது. தாளம் எனக்கு இன்னும் இருந்தது, முப்பத்திரண்டும் உள்ளே சரியாகச் சுற்றின. அதன்மேல் கைகள் போயின, முடிந்தது. ரஹீம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். யாரும் பேசவில்லை. காபி குடித்தோம்.

அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கேட்கும் பாக்கியம் போனால் போகட்டும், என்னால் இன்னும் புதிதாக ஒன்றை உண்டாக்க முடிகிறது என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அது இருந்தால் நான் நான்தான்.

இப்படி ஐந்து திங்கட்கிழமைகள் போயின. ரஹீம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டான். வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஐந்தாவது திங்கட்கிழமை என் கணவர் கடைக்குத் தாமதமாகப் போகலாம் என்று சோபாவில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"நடுவுல யாருக்கும்மா தலையாட்டுன?"

"நான் எங்க ஆட்டினேன்?"

"ஆட்டுனியே. இந்தப் பக்கம் திரும்பி, தேங்க்ஸ் சொல்ற மாதிரி." என் இடதுபக்கம் இருந்த வெறும் இடத்தைக் காட்டினார்.

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. ரஹீம் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"ரஹீம், என்னன்னு சொல்லு."

அவன் அனந்து சாரைப் பார்த்தான். "சொல்லிடு. இனிமே மறைச்சுண்டிருக்க முடியாது" என்றார் அவர்.

ரஹீம் நாங்கள் வாசிப்பதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து வைப்பவன். தன் போனையும் அனந்து சாரின் போனையும் பியானோ மூடிமேல் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தான். ஒன்றில் ஹோட்டலில் அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. இன்னொன்றில் போன திங்கட்கிழமை எடுத்தது. எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று சத்தத்தை அணைத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டான்.

இரண்டு போனிலும் நான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றில் பட்டுப்புடவை, மற்றொன்றில் வீட்டுச் சேலை. கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒரே கட்டைகளில் இறங்கின. வலதுகை மேலே ஓடியது, இரண்டிலும். இடதுகால் தரையில் தாளம் போட்டது, இரண்டிலும். பிறகு பட்டுப்புடவைக்காரி இடப்பக்கம் திரும்பி, தண்ணீர் வைத்த பணியாளருக்குத் தலையசைத்தாள். வீட்டுச் சேலைக்காரியும் திரும்பி, யாருமே இல்லாத இடத்துக்கு அதேபோலப் புன்னகையோடு தலையசைத்தாள். இரண்டு பேருக்கும் விரல் வழுக்கியது. இரண்டு பேரின் இடதுகாலும் அதே இடத்தில் நின்றுபோனது.

எனக்கு உடம்பு முழுக்கக் கூசியது. அந்த வீட்டுச் சேலையைத்தான் அன்றும் கட்டியிருந்தேன். உடனே போய் மாற்ற வேண்டும்போல் இருந்தது.

"அஞ்சு வாரமும் அப்டியே கீதுக்கா. ஒரு சுரம் மாறல" என்றான் ரஹீம். "மொத வாரம் சந்தோசத்துல அழுதேன். ரெண்டாவது வாரம் இன்னாடா இதுன்னு தோணுச்சு. அப்புறம் நீ திரும்பறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், இப்ப திரும்புவன்னு. கையெல்லாம் சில்லுனு ஆயிடும்."

"ஏன் ரஹீம் சொல்லல?"

"வாசிச்சதைப் பத்திப் பேசப்படாதுன்னு நாமதானே வச்சிருந்தோம்" என்றார் அனந்து சார். "அதைச் சாக்கா வச்சுண்டேன். எனக்குத் தைரியம் இல்லை, செல்வி."

அன்று இருவரையும் அனுப்பிவிட்டு மதியம் முழுக்கப் படுத்திருந்தேன். செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நினைத்ததை நினைத்தேன் என்றுதான் எழுத வேண்டும். நான் உண்டாக்கிக்கொண்டிருந்ததாக நம்பியது ஒன்றுமே இல்லை. என் கைகள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணியிலேயே தங்கிவிட்டன. நான் மட்டும் ஆபத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

டாக்டர் முதலில் வலிப்பாக இருக்குமோ என்று பார்த்தார். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனையில் ஒன்றும் இல்லை. பிறகு வீடியோக்களை நிதானமாக மூன்று முறை பார்த்தார்.

"இதுக்கு என்கிட்ட பேர் இல்ல" என்றார். "காது வழி காட்டாததால கை தனக்குத் தெரிஞ்ச கடைசி வழியில போகுதுன்னு நினைக்கிறேன். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க தப்புப் பண்ணதும் டிரம்ஸ்காரர் தட்டுறாரே, மூணு தட்டு. அவரும் ஒரே மாதிரிதான் தட்டுறார். நீங்க மட்டும் இல்ல, மூணு பேரும் சேர்ந்துதான் அந்த ஞாயித்துக்கிழமைய நடத்துறீங்க."

ரஹீமிடம் கேட்டேன். "நீ அன்னிக்கு விழுந்த எடத்துலயே விழுந்தியா, நானும் அன்னிக்கு இன்னா பண்ணேனோ அதையே பண்ணேன். இல்லாட்டி நீ நின்னுடுவியோன்னு பயம்" என்றான். எங்கள் பெருமைக்குரிய வழக்கம்தான். என் தவறை இருவரும் அன்போடு தாங்கிப் பிடித்து, வாரா வாரம் என்னை அதே வழியில் அனுப்பியிருக்கிறார்கள்.

அப்படியானால் தாங்காமல் விட்டால் என்ன ஆகும்? டாக்டருக்குத் தெரியாது. கை வேறு வழி தேடலாம். இல்லை, நின்றே போகலாம்.

"இருக்கிறதும் போயிட்டா என்னம்மா செய்வ?" என்றார் கணவர். அவர் முகத்தில் பயம் தெரிந்தது. எனக்கும் அதே பயம்தான். முதல் வாரம் ரஹீம் அழுததை வைத்துப் பார்த்தால் அந்த ஞாயிறு நான் நன்றாகவே வாசித்திருக்கிறேன், அதுதான் வயிற்றெரிச்சல். அதையே வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். கேட்பவர்களுக்குத் தெரியவா போகிறது? ஒரு வாரம் இப்படியே யோசித்தேன். கடைசியில் என்னால் தாங்க முடியாமல் போனது அந்தப் புன்னகைதான். இல்லாத ஒருவரைப் பார்த்து வாரம் ஒருமுறை நன்றி சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அடுத்த திங்கட்கிழமை இருவரிடமும் சொன்னேன். "நான் விழுந்தா விட்டுடுங்க. யாரும் பிடிக்காதீங்க."

மெட்டு முடிந்து என் முறை வந்தது. கைகள் பழைய வழியில் கிளம்பின. தலையசைக்கக் கூடாது என்று கழுத்தை விறைத்துக்கொண்டேன். கழுத்து என்னைக் கேட்காமல் திரும்பியது. உதடு தானாகப் புன்னகைத்தது. விரல் வழுக்கியது.

மூன்று தட்டு வரவில்லை. ரஹீம் குச்சிகளை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தான். அனந்து சார் தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்து மூடியிருந்தார். என் கைகள் கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றன.

அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. கீழே யாரோ தண்ணீர் மோட்டார் போட்டிருந்தார்கள். உள்ளே தாளக்கட்டுகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. இடதுபக்கம் யாரோ நின்று காத்திருப்பது போல இருந்தது. திரும்பினால் பார்த்துவிடுவேன் என்று தோன்றியது. திரும்பவில்லை. நான்கு, ஐந்து. இரண்டு கைகளையும் பார்த்தேன். இவற்றுக்கு இனி ஒன்றுமே தெரியாது, என்னைப்போலவே இவற்றுக்கும் தெரியாது என்று புரிந்தது. பாவமாக இருந்தது.

ஏழாவது தாளக்கட்டில் இடதுகையின் மோதிர விரல் இறங்கியது. ஏதோ ஒரு சத்தம். அது எங்கே நிற்கிறது, எதோடு சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு விரலை வைத்தேன். கையே போவதற்கும் நான் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரிந்தது. தட்டுத் தடுமாறி எங்கேயோ போனேன். வெகுநேரம் கழித்து ரஹீம் மெதுவாகப் பின்னால் வந்தான். அனந்து சாரும் வந்தார். முப்பத்திரண்டாவது தாளக்கட்டில் மூவரும் நின்றோம், கிட்டத்தட்ட ஒன்றாக.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அனந்து சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ரஹீம்தான் சொன்னான். "கேவலமா இருந்துச்சுக்கா."

குரலை நம்ப முடியாது, அதனால் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகத்தான் சொல்லியிருந்தான். அப்படியானால் அது அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்த கணவர், இவர்கள் என்னை ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து ரஹீமை முறைத்தார். "அவன் நல்லதுதான் சொன்னான்" என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது எட்டு மாதமாகிறது. ஹோட்டலுக்குப் போகவில்லை. இசை திரும்பி வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். எப்போதாவது, தனியாக ஒரு குரல் மெதுவாகப் பாடினால், சில வினாடிகள் சத்தங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. மறுபடி சிதறிவிடும். கணவரின் "சாப்டியா?" பாதி நாள் கேள்வியாகக் கேட்கிறது. டாக்டர் இன்னும் எதையும் உறுதி சொல்வதில்லை, எனக்கும் இப்போது அவர்மேல் கோபம் இல்லை.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களைத் தாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியாத ஒன்று எங்கள் உடம்பில் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லிவிடுங்கள். ரஹீமுக்கும் அனந்து சாருக்கும் அந்த ஐந்து வாரம் எப்படிப் போனது என்று நினைத்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

கைகளை இப்போது என்னுடையவை என்று சட்டென்று சொல்ல வருவதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்கிறோம். காலையில் முகம் கழுவும்போது சில நாள் கழுத்து இடதுபக்கம் திரும்புகிறது. அந்த ஒரு மணி இன்னும் எங்கேயோ முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது என்று அப்போது தெரியும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

திங்கட்கிழமைகள் தொடர்கின்றன. ஒவ்வொரு முறையும் முடிந்ததும் ரஹீம் போன வாரத்து வீடியோவையும் அன்றைய வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சத்தமில்லாமல் ஓடவிடுகிறான். நேற்று மூன்று இடங்களில் விழுந்து நின்றிருக்கிறேன். போன வாரமும் மூன்று இடங்கள். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஓர் இடம்கூட ஒத்துப்போகவில்லை.